கொல்லைப்புறத்து நீலம் பேரத்தில் சேராது

இரும்புக்கடைக்காரர் வீட்டுக்கு மேலே வானத்துக்கு நிறம் கிடையாது. கடை வாசற்படியில் ஆரம்பித்து வீட்டுச் சமையலறையின் பின்சுவர் வரைக்கும் நீளம் அறுபத்துநான்கு அடி, அகலம் இருபத்தெட்டு அடி. அந்த அளவுக்கு நேர் மேலே, எவ்வளவு உயரம் பார்வை போனாலும், கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி வெறுமையாக இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மேலே வானம் எல்லா ஊரிலும் உள்ளபடியே இருக்கிறது. அவருடைய கொல்லைப்புறத்துக்கு மேலேகூட நல்ல நீலம்தான். அது பேரத்தில் சேரவில்லை. இரவில் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் கறுப்பை யாரும் கேட்கவில்லை. மழை வழக்கம்போலப் பெய்கிறது. காக்கைகள் முதல் ஒரு வாரம் அந்த ஓரத்துக்கு வந்ததும் திகைத்துத் திரும்பின, பிறகு பழகிக்கொண்டன. வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது, "நேரா போங்க, வெளுத்த வானம் வரும், அதுலேர்ந்து ரெண்டு கடை தள்ளி" என்பது இன்றைக்கும் அந்தக் கடைத்தெருவில் செல்லுபடியாகும் விலாசம்.

இது எப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊர்க்காரர்களின் நாக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே சந்தை. மற்ற ஐந்து நாளும் சந்தைக்கு ஒத்திகை. சொன்ன விலைக்குப் பொருளை வாங்கிக்கொண்டு போவது, சொன்னவரை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால் நோயாளி மூன்று நாளில் ஆரம்பித்து நான்கில் ஒத்துக்கொள்வார். அதை எதிர்பார்த்துத்தான் டாக்டரும் ஐந்து எழுதியிருப்பார். பஸ் கண்டக்டர் டிக்கெட் விலையை ஒரு தடவை கூட்டிச் சொல்லிவிட்டு, பயணி பெருமூச்சு விட்டபிறகுதான் உள்ள விலைக்கு இறங்குவார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் வயதில் இரண்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதும், பெண் வீட்டார் ஒன்றைக் குறைத்ததும் உண்டு. இதற்கெல்லாம் மேலே ஒரே ஒரு சட்டம்: கை கொடுக்கிறவரைக்கும் எது வேண்டுமானாலும் பேசலாம், கை கொடுத்துவிட்டால் உலகமே தலைகீழானாலும் பேச்சு மாறக் கூடாது. கை கொடுத்தபிறகு விலையைக் கிளறியவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். ஒருவன் ஊரை விட்டுப் போனான், இன்னொருவனுக்கு முடி வெட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை.

இந்த வித்தையில் ஊருக்கே பெரிய தலை இரும்புக்கடைக்காரர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். ஆணிக்கு விலை பேசப் போனால் சுத்தியலையும் சேர்த்து வாங்கி வருவார் என்று பெயர். எதிராளி பேசிப் பேசித் தோற்றுவிட்டு, தோற்றது சுகமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவான். ஆகையால், கிடங்குச் சுவர் விஷயமாக ஓர் அலுவலர் வருகிறார், யாராவது போய்ப் பேச வேண்டும் என்றபோது, வேறு பெயரை யாரும் யோசிக்கவே இல்லை.

கிடங்குச் சுவர் என்பது ஊர் முகப்பில் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கும் தானியக் கிடங்கின் பக்கச் சுவர். எண்பது அடி நீளம், இருபது அடி உயரம், மேல்பூச்சு உதிர்ந்து தேமல் பிடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் ஊர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஊர் அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. சந்தைக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு கலை நிதியத்திலிருந்து கடிதம் வந்தது: சின்ன ஊர்களில் பொதுச் சுவர்களில் படம் வரையப் பணம் தருகிறார்களாம், ஓவியரை அவர்களே அனுப்புவார்களாம், ஒரே நிபந்தனை, ஊராரும் கூடச் சேர்ந்து வரைய வேண்டும், ஊர்க்காரர் கை படாத சுவருக்குப் பணம் கிடையாது.

அலுவலர் வந்தார். துவைத்து மடித்த சட்டை, துவைத்து மடித்த பேச்சு. எந்தத் தொகையையும் ஒரே தடவைதான் சொல்லும் ஊரிலிருந்து வந்தவர். கிடங்கின் எடை அறையில் பழைய மேஜை, நான்கு நாற்காலி. ஒரு பக்கம் அலுவலர், எதிரே இரும்புக்கடைக்காரர், சாட்சிக்குத் தையல்காரரும் எண்ணெய் மில்காரரும்.

"உங்க ஊருக்கு எட்டு லட்சம் ஒதுக்கலாம்னு இருக்கோம்" என்றார் அலுவலர்.

எட்டு என்ற சொல் இரும்புக்கடைக்காரரின் காதில் விழுந்து, மூளைப் பக்கம் போகாமல், நேரே நாக்குக்குப் போனது. "எட்டா! என்ன சார், ஊருக்குப் புதுசா வந்தவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்க. சுவரு ஒண்ணு, அதுவும் பழசு. நாலுல முடிச்சுக்கலாம்."

அலுவலர் கையிலிருந்த காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "நாலு… போதுமா?"

"மூணே முக்காலே தாராளம். உங்க முகத்துக்காக நாலு."

தையல்காரரும் எண்ணெய் மில்காரரும் பெருமையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை சீக்கிரம் பாதிக்கு இறங்கிய ஆளை அவர்கள் கண்டதே இல்லை. அலுவலர் கண் கலங்கி, இப்படி ஒரு நாணயமான ஊரைத் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை என்று சொல்லி, நாலு என்று எழுதி, கை கொடுத்தார். இரும்புக்கடைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ராஜாவைப் போலக் கடைத்தெருவில் நடந்து கடைக்கு வந்தார். மனைவி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சொன்னாங்க?"

"எட்டு. நாலுக்கு இறக்கிட்டேன்ல!"

"நாம அவங்களுக்குக் குடுக்கணுமா?"

"இல்லடி, அவங்கதான் நமக்கு…"

அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை.

கை கொடுத்தாயிற்று, ஆகவே திரும்பப் போய்க் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை ஊரில் ஒருவரும் சொல்லவும் இல்லை, அது அவர்களின் பெருந்தன்மை. சாயங்காலம் கிடங்கு வாசலில் கூட்டம் கூடியது. இரும்புக்கடைக்காரர் எழுந்து, "குறைஞ்சது என்னால. சுவத்துல என்ன குறைஞ்சாலும் அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி எல்லாருக்கும் பொதுவாகக் காற்றில் கையை நீட்டினார். யாரோ பிடித்துக் குலுக்கினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் தையல்காரர் வந்தார். கடை வாசல் கதவுக்கு ஒரு கீல் வேண்டும் என்றார். இரும்புக்கடைக்காரர் எண்பது என்றார். அவர் மனதில் முப்பதில் ஆரம்பித்து ஐம்பதில் முடிக்கும் ஒரு நல்ல அரை மணி நேரம் தயாராக இருந்தது. தையல்காரர் எண்பதை எண்ணிப் பலகையில் வைத்தார், கீலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்து தபால்காரர் வந்து பூட்டு வாங்கினார், சொன்ன விலை. டீச்சர் வந்து கொக்கி வாங்கினார், சொன்ன விலை. மூன்றாம் நாள் இரும்புக்கடைக்காரர் வேண்டுமென்றே ஒரு வாளிக்குச் சைக்கிள் விலையைச் சொன்னார். எண்ணெய் மில்காரர் முகம் மாறாமல் கொடுத்துவிட்டுப் போக, இவர் மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே தெருவில் ஓட வேண்டியதாயிற்று. அவன் விலை பேசத் தெரியாதவன், அவனோடு நமக்கு என்ன பேச்சு என்று யாரும் சொல்லவில்லை, எழுதி ஒட்டவில்லை. ஆனால் பேரம் அவர் கடைப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டது. அடுத்த எட்டு மாதம் இப்படியே போனது, அதில் கடைக்கு வந்த லாபம் அதற்கு முந்தைய எட்டு வருஷத்தில் வந்ததில்லை. அந்த எட்டு மாதத்தில் அவர் பெல்ட்டில் புதிதாக நான்கு ஓட்டைகள் போட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றால் இருபத்திரண்டு வருஷமாக, "நாக்குல குறைவு, உப்புல இல்ல" என்று வரும் பதில், இப்போது "சரிங்க" என்று வந்தது. சட்டையில் பட்டன் இல்லை என்றாலும் "சரிங்க". அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம், தராசின் ஒரு தட்டை யாரோ கழற்றிக்கொண்டு போன மாதிரி அவருக்கு இருக்கும்.

இதற்கிடையில் ஓவியர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண், ஒரு தகரப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டில். ஊர் அவரைப் பெயின்டரம்மா என்றது. எடை அறையிலேயே தங்கினார். நாலு லட்சத்தைக் காகிதத்தில் பிரித்துப் போட்டுக் காட்டினார்: பழைய பூச்சைச் சுரண்ட, புதுச் சுண்ணாம்புப் பூச்சு அடிக்க, சாரம் கட்ட, எட்டு மாதம் அவர் சாப்பிட, கடைசியில் அவர் கூலி. சாயத்துக்கு என்று ஒன்றும் இல்லை. இரும்புக்கடைக்காரர் தன் கடையில் உள்ள பெயின்ட் அத்தனையையும் சும்மாவே தருவதாகச் சொல்லி டப்பாக்களை இறக்கினார். வெள்ளை இருந்தது, துருச்சிவப்பு இருந்தது, வெள்ளிப்பூச்சு இருந்தது. "இத வெச்சு நல்ல தண்ணித்தொட்டி ஒண்ணு வரையலாம்" என்றார் பெயின்டரம்மா, கோபம் இல்லாமல். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பரவாயில்ல. உங்ககிட்ட இருக்கற நிறத்தக் குடுங்க. மூணு ஊர்ல அப்படித்தான் முடிச்சேன்" என்றார்.

அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். தையல்காரர் தன் கடைக் கதவின் நீலத்தைக் கொடுக்க முன்வந்தார். கீல் போன கதவு அது. வாங்கிய கீலைப் பூட்டாமல் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார், ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்பார். பெயின்டரம்மா பட்டைத் தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, கதவின் மேல் மேலிருந்து கீழாக இழுத்தார். பால் மேல் ஏடு சுருள்கிற மாதிரி நீலம் சுருண்டு தூரிகைக்கு வந்தது. கீழே தெரிந்த மரத்துக்கு மரத்தின் நிறமும் இல்லை, எந்த நிறமும் இல்லை. "அவ்வளவுதானா? வலிக்கவே இல்லையே" என்றார் தையல்காரர், கதவின் சார்பில். அன்று சாயங்காலத்துக்குள் வரிசை கிடங்கு வாசல் வரைக்கும் நீண்டது. பேரமும் கூடவே வந்தது. ஒரு பெண் தன் பச்சைப் புடவையில் முந்தானையை மட்டும் தருவேன், உடம்பு முழுக்கத் தர முடியாது என்று ஒரு மணி நேரம் நின்றாள். கடைசியில் கரை நீங்கலாக முழுதும் தந்தாள். தபால்காரர் சைக்கிளின் சிவப்பைக் கொடுத்தார். எண்ணெய் மில்காரர் ஒரு பீப்பாய் எண்ணெயின் பொன்னிறத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் மாதிரி இருந்த எண்ணெயை விற்க ஒரு வாரம் தொண்டை வறளப் பேசினார். டீச்சர் தன் சிவப்பு மையின் சிவப்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் போட்ட தப்புக் குறிகள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாததால், பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி விகிதம் ஏறி, மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பஸ் டிரைவர் பஸ்ஸின் மஞ்சள் பட்டையைக் கொடுத்தார். அது அவருடையது இல்லை. டிப்போவிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு, வெயிலில் வெளுத்திருக்கலாம் என்று பதில் எழுதினார்.

என்ன வரைவது என்பதில் ஒரு மாதம் போனது. ஒவ்வொருவருக்கும் தன் படம் பெரிதாக வேண்டும். பெயின்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்தையை வரையலாம் என்றார். ஊரார் அத்தனை பேரும், விற்கிறவரும் வாங்குகிறவருமாக இரண்டிரண்டு பேர், எதிர் எதிரே நின்று பேரம் பேசுகிற மாதிரி. முகம், உடம்பு எல்லாம் அவர் வரைவார். கைகளை மட்டும் அவரவரே வரைய வேண்டும். தன் கையைத் தான் வரைவது என்பது கேட்கச் சுலபம். அறுபது வயது வரை அந்தக் கையால் சம்பாதித்து, அந்தக் கையால் சாப்பிட்டு, அந்தக் கையை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்திராத ஆட்கள், சாரத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு கையை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தார்கள். எண்ணெய் மில்காரர் தன் கட்டை விரலை ஏழு தடவை அழித்து வரைந்தார். பெயின்டரம்மா யாருடைய கோட்டையும் திருத்தவில்லை. வளைந்தால் வளைந்தபடி விட்டார். "அது உங்க கை, எனக்கு அதுல என்ன வேலை" என்பார். தன் திறமையைக் காட்ட எண்பது அடி கிடைத்தும் அதில் பாதியை மற்றவர்கள் கைக்கு விட்டுக் கொடுக்கிற ஆளை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பேரம் பேசாமல் ஒருத்தி இவ்வளவு கொடுக்கிறாளே என்று முதலில் சந்தேகப்பட்டார்கள், பிறகு மரியாதைப்பட்டார்கள்.

இரும்புக்கடைக்காரர் தினமும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் ஜோடி ஜோடியாக ஊர் ஏறிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் இரும்புக்கடையை வரைந்து, அதற்கு முன்னால் இரண்டு ஆள் அளவுக்கு வெறும் இடம் விட்டிருந்தார் பெயின்டரம்மா. இரும்புக்கடைக்காரருக்கு எதிரே யார் நிற்பது என்று கேட்டதும் எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பேரம் பேசாத ஆளுக்கு எதிரே நிற்கிற மாதிரி வரைந்தால் அது பொய்யாகிவிடும் என்றார் தபால்காரர், மெதுவாக. இரும்புக்கடைக்காரர் ஏணியின் காலைச் சரியாக ஊன்றி வைத்தார். அவ்வளவுதான்.

அலுவலர் பத்தாம் தேதி பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. சுவர் முடிந்திருந்தால்தான் மீதிப் பணம். பெயின்டரம்மாவின் கூலி முழுதும் அதில் இருந்தது. முடியாவிட்டால் சுவரைச் சோப்பு விளம்பரத்துக்கு விடுவதாகக் கிடங்கு நிர்வாகம் முன்பே வேறோர் இடத்தில் கை கொடுத்திருந்தது. தேதி நாலாகியும் மேலே எண்பது அடி நீளத்துக்கு ஏழு அடி வெள்ளையாகக் கிடந்தது. வானம். ஊரில் இருந்த நீலக் கதவு, நீலச் சட்டை, நீல வாளி எல்லாம் ஏற்கனவே வந்து, சந்தைக்கூட்டத்தின் சேலைகளுக்கும் கூடாரத் துணிகளுக்கும் தீர்ந்துபோயிருந்தன. குறைந்தால் நான் பொறுப்பு என்று காற்றில் கையை நீட்டியவர் ஏணியின் கீழே நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்க்காமல் இருந்தார்கள். அவர் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தார்.

மேலே ஏராளமாக இருந்தது.

"அது யாரோடது?" என்று கேட்டார் பெயின்டரம்மாவிடம்.

"எது?"

"எங்க வீட்டுக்கு மேல இருக்கறது."

பெயின்டரம்மா ஏணியிலிருந்து இறங்கி யோசித்தார். வானத்து நீலம் மெல்லிசு, மூன்று அடி வழித்தால் சுவருக்கு ஓரடி வரும், சேதாரம் வேறு இருக்கிறது என்று கணக்குப் போட்டார். கடையும் வீடும் சேர்ந்த இடம் சரியாகக் காணும். "ஆனா சொந்தக்காரங்க வாயால சொல்லணும்" என்றார். இரும்புக்கடைக்காரர் பத்திரத்தை எடுத்து வந்து பிரித்தார். மனை, கட்டடம், கொல்லை, அவற்றின் மேலுள்ள வெளி உட்பட என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதியிருந்தது மனைவி பேரில். வரிக்குப் பயந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே மாற்றி எழுதியது.

அவர் கடைக்குப் போனார். பின்னாலேயே தையல்காரர், தபால்காரர், டீச்சர், கரை மட்டும் பச்சையாக இருந்த புடவைக்காரி, எல்லாரும் வந்தார்கள். அந்த ஊரில் யார் எங்கே எதைக் கேட்கப் போகிறார்கள் என்பது காற்றிலேயே தெரிந்துவிடும். மனைவி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"வானம் வேணும்" என்றார்.

"எந்த வானம்?" தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம வானம். கடை, வீடு, கொல்லை, மூணுக்கும் மேல இருக்கறது."

அவள் தராசைக் கீழே வைத்தாள். எட்டு மாதமாகச் "சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வாய் அது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மூணுமா? ஏன், நட்சத்திரத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரவா? கடைக்கு மேல இருக்கறத எடுத்துக்குங்க, போதும்."

இரும்புக்கடைக்காரரின் கண் கலங்கியது என்று தையல்காரர் சொல்வார். இரும்புத் தூசி விழுந்தது என்று இவர் சொல்வார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கடைத்தெரு கேட்டது.

"கடைக்கு மேல இருக்கறது ஒரு மூலைக்குக்கூடக் காணாது."

"காணாத இடத்துல மேகம் போடச் சொல்லுங்க. வெள்ளைதான் உங்க கடையில வண்டி வண்டியா இருக்கே."

கூட்டம் சிரித்தது. "சரி, உனக்காகக் கொல்லைய விட்டுத் தரேன்" என்றார்.

"கொல்லை என்னிக்கு உங்களோடது, நீங்க விட்டுத் தர? அது பேச்சுலயே சேராது. துணி காயப் போட எனக்கு வானம் வேணும். ஈரத்துணியத் தூக்கிட்டு நிமிர்ந்தா கண்ணுக்கு ஏதாவது தெரியணும்."

"அப்ப கடையும் வீடும். முழுசா."

"பதிலுக்கு?"

அவர் புது அடுப்பு என்றார். இருக்கிற அடுப்புக்கு என்ன கேடு என்றாள். கல்லாச் சாவி என்றார். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். வாரத்தில் ஒரு நாள் கடைக்கு லீவு என்றார், "நீங்க வீட்லயே இருக்கவா? அது எனக்கு நஷ்டம்" என்றாள். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயே சொல்லு."

"அந்தச் சுவத்துல உங்களுக்கு எதிர்ல யாரு?"

"யாரும் இல்ல."

"நான் நிக்கறேன். கடைக்கு உள்ள இல்ல. வெளிய. வாங்கற பக்கம்."

அவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"இருபத்திரண்டு வருஷமா உங்க பக்கத்துல நின்னு உங்களுக்காகப் பேசியாச்சு. ஒரு தடவ எதிர்ல நின்னு உங்கள இறக்கிப் பாக்கணும்."

"எதிர்ல வேணாம். பக்கவாட்டுல நில்லு."

"எதிர்ல."

"கொஞ்சம் சாய்ஞ்சாப்ல?"

"எதிர்ல. கைய நீட்டி."

அவர் கையை நீட்டினார்; அவள் பிடித்துக் குலுக்கினாள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் கேட்ட விலைக்கே வாங்கிய ஒரே சரக்கு அதுதான்.

மூங்கில் கழிகளை ஒன்றோடொன்று கட்டி, நுனியில் அகலத் தூரிகையை வைத்து, மொட்டை மாடியில் நின்று பெயின்டரம்மா வானத்தை இழுத்து இறக்கினார். இரண்டு பகல் ஆனது. கழியைத் தாங்க இரும்புக்கடைக்காரர், வாளி பிடிக்க மனைவி. மேற்கு ஓரத்து நீலம் கொஞ்சம் கெட்டி, நடுவில் இருந்தது நைந்தது. மொத்தம் பதினான்கு வாளி தேறியது. கொல்லையின் எல்லைக்கு வந்ததும் மனைவி ஒரு கயிற்றைப் பிடித்துக் காட்டினாள். பெயின்டரம்மா அதற்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்தினார். இறக்கிய நீலத்தில் பழைய மழையின் வாசனை அடித்தது. ஒன்பதாம் தேதி மத்தியானம் சுவரில் வானம் முழுதாக ஏறியது. கடைசியாகப் புருஷனும் பெண்டாட்டியும் சாரத்தில் ஏறி அவரவர் கைகளை வரைந்தார்கள். அவர் கை ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறது. அவள் கை இரண்டைக் காட்டுகிறது.

அலுவலர் பத்தாம் தேதி வந்து, சுவருக்கு எதிரே ரோட்டோரத்தில் ஒரு மணி நேரம் நின்றார். அதற்குள் மூன்று பஸ்கள் நின்றுவிட்டன. பயணிகள் இறங்கி, சுவரிலுள்ள சந்தையைப் பார்த்துவிட்டு, பின்னால் உள்ள சந்தைக்குள் போனார்கள். மீதிப் பணத்தைக் கொடுத்து, அடுத்த வருஷம் பள்ளிக்கூடச் சுவருக்கும் எட்டு தரலாம் என்று நிதியம் நினைக்கிறது என்றார். ஊரே இரும்புக்கடைக்காரரைப் பார்த்தது. அவர் பல்லுக்கிடையில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு நின்றார். மனைவியின் ஏற்பாடு அது. "பத்து" என்றாள் அவள். அலுவலரும் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருந்தார் போல. பெருமூச்சு விட்டு, பையை மூடி, நாலடி நடந்துபோய், திரும்பி வந்து, ஒன்பதில் கை கொடுத்தார். பெயின்டரம்மா தன் கூலியை எண்ணாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். அவருடைய கைகள் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை என்பதை ஊரார் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தார்கள்.

அவர் பஸ் ஏறிய மறுநாள் காலையில் தையல்காரர் இரும்புக்கடைப் படி ஏறினார். கையில் ஒரு கீல். எட்டு மாதத்துக்கு முன்னால் எண்பது வைத்துவிட்டு எடுத்துப்போன அதே கீல், பிரிக்காத காகிதத்தோடு. பலகையில் வைத்தார்.

"இதுக்கு நாம இன்னும் பேசலயே அண்ணே."

"காசு வெச்சுட்டுப் போனீங்களே."

"காசு வெச்சேன். கை குடுத்தேனா?"

இரும்புக்கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். கொடுக்கவில்லை. அன்று முதல் அந்த எட்டு மாதத்தில் அந்தக் கடையில் யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை; அப்படியானால் எந்த வியாபாரமும் இன்னும் முடியவில்லை. தையல்காரருக்குப் பின்னால் தபால்காரர் பூட்டோடும், டீச்சர் கொக்கியோடும், எண்ணெய் மில்காரர் வாளியோடும் நின்றிருந்தார்கள். வரிசை தெரு முனை வரைக்கும் போயிற்று. இரும்புக்கடைக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எண்பதுன்னா எண்பதுதான். சுத்த இரும்பு."

"இரும்பா? இது இரும்பைத் தூரத்துல நின்னு பாத்தது. முப்பது."

"முப்பதுக்கு அதோட நிழல் கூட வராது."

"நிழலா? மேல வானமே வெளுத்துக் கிடக்கு, அதுக்குக் கீழ உக்காந்துகிட்டு எண்பது கேக்கறாரு மனுஷன்! முழு வானம் இருக்கற கடையிலயே அறுபதுதான்!"

கீலின் விலை படிய மத்தியானம் ஆனது. நாற்பத்தொன்று, அடக்க விலைக்கு இரண்டு குறைவு. மிச்சக் காசை இரும்புக்கடைக்காரர் எண்ணிக் கொடுத்தார், இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள், அடுத்து தபால்காரர் பூட்டைப் பலகையில் வைத்தார். உள்ளேயிருந்து மனைவி ஈரத்துணிகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கடைக்கு மேலே நிறமில்லாத வானத்தில் காக்கை ஒன்று குறுக்கே பறந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.